இரண்டு தடவை இழைத்த ஹெட்

தெருவில் அந்த மெக்கானிக்கை எல்லாரும் மைலேஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். டயருக்குக் காற்றடிக்க வந்தவனைக்கூட நிறுத்தி வைத்து, எந்த வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று பாடம் நடத்தாமல் விடமாட்டார். அது பெருமைக்கு வைத்த பெயர் என்று வெகுநாள் நம்பியிருந்தது அவர் ஒருவர்தான்.

அவர் மனைவி வீட்டுப் பின்னறையில் ரொட்டி சுடுகிறவள். பழைய பெட்ரோல் வேனில் தானே ஏற்றி ஓட்டிக்கொண்டுபோய்க் கடைகடையாகப் போடுவாள். முழங்கால் இரண்டும் போதும் போதும் என்று கெஞ்சிக்கொண்டிருந்த சமயத்தில், மேட்டு ரோட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டுக்குள் ரொட்டியைக் கொண்டுவந்து சேர்த்தால் தினசரி ஆர்டர் அவளுக்கு. கடை கடையாக ஏறி இறங்கும் வேலை அதோடு ஒழியும்.

மேடு ஏற இந்த வேன் நிறையப் பெட்ரோல் குடிக்குமே என்று அவள் சும்மா சொல்லிவைத்தாள். மைலேஜுக்குக் கை அரித்தது.

சிலிண்டருக்குள் புகுந்த காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் மேலே வந்து எத்தனை மடங்கு சின்ன இடத்தில் நசுக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. நசுக்கல் கூடினால் அதே பெட்ரோல் ஓங்கி உதைக்கும். இழுப்பும் கூடும், மைலேஜும் கூடும். எஞ்சினின் மேல்மூடிக்கு ஹெட் என்று பெயர். அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் இழைத்தால் அந்த இடம் சுருங்கிவிடும். எல்லாம் உண்மைதான், அளவோடு நிறுத்துகிறவனுக்கு.

வேனிலிருந்து அவர் கழற்றிக் கொண்டுபோன ஹெட்டை லேத்துப் பட்டறைக்காரர் புரட்டிப் பார்த்து, முன்னமே ஒரு தடவை இழைத்த மாதிரி இருக்கிறதே என்று இழுத்தார். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று மைலேஜ் அடித்துச் சொல்லி இழைக்க வைத்துவிட்டார். அளந்து பார்ப்பதெல்லாம் கத்துக்குட்டிகள் வேலை என்பது அவர் கொள்கை.

திங்கட்கிழமை ரொட்டித் தட்டுகளோடு அவரும் வேனில் ஏறிக்கொண்டார். மனைவி வாயால் ஒரு பாராட்டு கேட்கும் ஆசை. சமதரையில் வேன் பறந்தது. மேடு ஆரம்பித்ததும் எஞ்சினுக்குள் தகரடப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

"என்னங்க இது?"

பங்கில் கலப்படப் பெட்ரோல் போட்டுவிட்டான் என்று முதலில் பழியைத் தள்ளிப் பார்த்தார். சொல்லும்போதே பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருமுறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து, சூட்டில் ஹெட் வளைந்துபோய், அதை வேறொரு பட்டறையில் இழைத்து வாங்கி வந்தது யார்? சாட்சாத் அவரேதான்.

"ஓரமா நிறுத்தும்மா. பெட்ரோல் மேல தப்பில்ல. ரெண்டு தடவை இழைச்சுட்டேன். நசுக்கல் அளவு மீறிடுச்சு, சாதாரணப் பெட்ரோல் தாங்காம தானா வெடிக்குது. இப்படியே ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை விழும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மைலேஜ் பானெட்டைத் திறந்து, தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். சத்தம் அடங்கும், ஆனால் இழுப்பு குறையும், பெட்ரோலும் கூடப் போகும் என்றார். சாயங்காலம் ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கட் தகடு வைத்து அதைச் சற்றுத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்லி வைத்தார்.

"அப்போ இழைச்சு நீங்க மிச்சம் பிடிச்சது என்ன?"

மைலேஜ் பானெட்டை மூடினார். பாரம் குறைந்தால் ஏறிவிடும் என்று மட்டும் முனகினார்.

"ரொட்டிய இறக்க முடியாது. நீங்க இறங்குங்க."

வேன் சின்ன கியரில் முனகிக்கொண்டே ஏறிப் போயிற்று. தன்னைவிட ரொட்டிக்கு மதிப்பு கூடிப்போனது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே மைலேஜ் பின்னால் நடந்தார். கேன்டீன் வாசலுக்கு வந்தபோது நாக்கு வெளியே தள்ளியிருந்தது. தட்டுகள் காலியாகியிருந்தன. நாளையிலிருந்து தினமும் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார் மேனேஜர்.

இவர் மெக்கானிக் என்று தெரிந்ததும் மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. தன் ஸ்கூட்டருக்கு இழுப்பே இல்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா என்றார்.

அவள் முந்திக்கொண்டாள். "சார், ஆர்டர் குடுத்திருக்கீங்க. அந்த நன்றிக்காகச் சொல்றேன், ஸ்கூட்டர வேற யார்கிட்டயாவது காட்டுங்க."

மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்தார். மைலேஜ் மூச்சு வாங்கிக்கொண்டே, அவள் சொல்வதுதான் சரி என்று தலையை ஆட்டினார்.