கோடாலியும் காஜா ஊசியும்

விறகுக்காரி கோடாலியை ஓங்கினால், எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும் காகம் முதலில் கண்ணை மூடிக்கொள்ளும். அப்புறம்தான் கட்டை பிளக்கும். அப்போது அவள் தொண்டையிலிருந்து கிளம்பும் 'ஹக்' என்ற சத்தத்தில், அடுத்த தெரு ஆஸ்பத்திரியில் மூன்று நாளாக நிற்காத விக்கல் ஒன்று நின்றுபோனதாம். நம்பாதவர்கள் அந்த விக்கல்காரரையே தேடிப்பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவளுக்கு மசியாத கட்டை ஒன்றே ஒன்றுதான். உடம்பெல்லாம் கணுவாக, மூன்று இரும்பு ஆப்புகளை வளைத்துத் திருப்பிக் கொடுத்த முண்டு அது. அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்து, களைத்தால் அதன்மேல்தான் உட்காருவாள்.

விறகுக் கொட்டகையை ஒட்டிய முன்னறையில் அவள் கணவரின் தையல் கடை. அவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கிக்கொண்டே வந்தது. மிஷின் தையல் பழக்கத்தில் ஓடிவிடும்; சட்டையின் பொத்தான் ஓட்டைகளுக்குக் கையால் காஜா எடுப்பதுதான் பாடு. சாயங்காலமானால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஊசியை நீட்டுவார். விறகுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரே மூச்சில் நூலைக் கோத்துவிடுவாள். நாள் முழுக்க ஆளுக்கொரு சத்தத்தில் இருக்கும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அந்த ஒரு நேரந்தான்.

அதற்குத்தான் கண் பட்டுவிட்டது. கோடாலியைக் கீழே வைத்த பிறகும் அவள் விரல்கள் அடங்காமல் நடுங்கத் தொடங்கின. நூல் ஊசிக்காதைச் சுற்றி ஊர்வலம் போனதே தவிர உள்ளே நுழையவில்லை. அவள் லேசுப்பட்டவளா? காலையில் கோடாலியைத் தொடும் முன்பே ஒரு டஜன் ஊசிகளில் நூல் கோத்து, ஜன்னல் திரையில் குத்தி வைத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் பதின்மூன்றாவது ஊசி தேவைப்பட்டது. அவர் நீட்டினார். அவள் ஏழு தடவை முயன்றாள். எட்டாவது தடவை அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"கண்ணு தெரியாத மனுஷனுக்கு இது மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

"திரையில இத்தனை ஊசி குத்தியிருந்தா, ஜன்னல் பக்கம் போறப்பெல்லாம் எனக்குத் தெரியாதா? குத்துது."

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஓங்கி அடிக்கும் அதிர்ச்சி நரம்பைக் கெடுக்கிறது, இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் விரல்கள் மரத்தே போய்விடும் என்றார்.

அந்த வாரமே நாத்தனார் வந்து இறங்கினாள், வண்டிக்குப் பின்னால் ஒரு விறகு பிளக்கும் மிஷினைக் கட்டி இழுத்துக்கொண்டு. மோட்டார் ரிப்பேர் செய்கிறவள். யாரோ கழித்துப் போட்டதை வாங்கி உயிர் கொடுத்திருந்தாள்.

"இது பெட்ரோல் குடிக்குமே. என் கோடாலி பச்சைத் தண்ணி கூடக் கேட்டதில்ல."

"கேக்காமலே உங்க விரலைத் தின்னுட்டு இருக்கே, அண்ணி!"

விறகுக்காரி தன் விரல்களைப் பார்த்தாள். ஆனாலும் வீம்பு போகுமா? உட்கார்ந்திருந்த முண்டைத் தட்டிக் காட்டினாள். "முதல்ல மாமியாரை அசைச்சுக் காட்டு. அப்புறம் பேசலாம்."

"எங்கம்மா மேலயா இவ்வளவு நாளா உக்காந்திருந்தீங்க?"

இருவரும் முண்டை உருட்டி மிஷினில் படுக்க வைத்தார்கள். நாத்தனார் இரண்டு பிடிகளைக் காட்டினாள். "ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சாத்தான் நகரும். ஒண்ணை விட்டா நின்னுடும்."

"ஏன், ஒரு கையை நம்பாதா?"

"இன்னொரு கை கட்டைக்கு நடுவுல போயிடக் கூடாதுல்ல?"

தன் விரல்களைப் பற்றி இத்தனை கவலைப்படும் ஒரு இரும்பை விறகுக்காரி அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பிடிகளையும் பிடித்தாள். உலக்கை போன்ற இரும்பு மெதுவாக முண்டைத் தள்ளிக்கொண்டுபோய் எதிரே நின்ற ஆப்பில் அழுத்தியது. முண்டு முனகியது, நறநறத்தது, பட்டென்று இரண்டாகப் பிரிந்தது.

"ஹக்!" என்றாள் விறகுக்காரி, கோடாலியே இல்லாமல். பழக்கதோஷம். சுவரிலிருந்த காகமும் கண்ணை மூடிக்கொண்டது, அதற்கும் பழக்கதோஷம். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வாரம் போயிற்று. மிஷின் நாளுக்கு இரட்டிப்பு விறகு பிளந்தது. அவளோ தினமும் வேலை முடிந்ததும், வேர்த்த ஆளைத் துடைப்பதுபோல அதை ஈரத்துணியால் துடைத்து, "போதும் தாயி, படுத்துக்கோ" என்பாள். மாமியாரின் பாதி இன்னும் அவளுக்கு இருக்கை. மறுபாதி தையல் கடைக்குள் போயிருந்தது.

அன்று சாயங்காலம் ஜன்னல் திரையில் ஒரு ஊசிகூட இல்லை. நாத்தனாரின் வேலைச் சட்டைக்குக் காஜா எடுக்க வேண்டும். அவர் தயங்கித் தயங்கி ஊசியை நீட்டிப் பிடித்தார். அவள் அந்த மறுபாதியில் உட்கார்ந்து, நூல் முனையை நாக்கில் நனைத்தாள். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை நூல் காதுக்குள் புகுந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"ரெண்டாவது தடவை" என்றார் அவர்.

"முதல் தடவை ஆடினது உங்க கை" என்றாள் விறகுக்காரி.