கேபிள்காரர் மகள் வாங்கிய ஸ்டிக்

எங்கள் வீட்டில் கேபிளை எடுத்துவிட்டு, இன்டர்நெட்டில் படம் காட்டும் ஸ்டிக் போடலாமா என்று பேச ஆரம்பித்து, ஒரு முடிவுக்கு வர எட்டு மாதம் ஆனது. மற்றவர்கள் வீட்டில் இதற்கு எட்டு நிமிஷம் போதும். என் அப்பா திண்டிவனத்தில் கேபிள் ஆபரேட்டர். நான் கல்யாணமாகி விழுப்புரத்தில் இருக்கிறேன். பெற்ற பெண் வீட்டிலேயே கேபிள் இல்லை என்று வெளியில் தெரிந்தால், மாதா மாதம் ஆபரேட்டர்கள் கூட்டத்தில் அப்பா எழுந்து பேசும் பேச்சுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். அவர் பேசுவதும் வருஷக்கணக்காக ஒரே பேச்சுதான். கேபிளுக்கு அழிவில்லை, போனவர்கள் எல்லாம் திரும்பி வருவார்கள், தைரியமாக இருங்கள்.

அப்பா தொழில் தொடங்கியது 1993இல். மொட்டை மாடியில் டிஷ் குடை வந்தது, முன்னறையில் இரண்டு வீடியோ டெக்கு வந்தது, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு படம் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் வீடு எங்களுடையதாக இல்லை. மிக்ஸி ஓடினால் தெருவில் எல்லார் வீட்டுப் படத்திலும் கோடு விழும் என்பதால், மல்லாட்டைச் சட்னி அரைக்க அம்மா கேசட் மாற்றும் நேரத்துக்காகக் காத்திருப்பார். இதைச் சொல்லிச் சொல்லியே அம்மா அப்பாவை ஒரு வழி பண்ணிவிடுவார். அப்பா காதில் வாங்கமாட்டார். ஓமந்தூர்ப் பக்கம் வரைக்கும் ஒயர் இழுத்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்தார்.

புனித வெள்ளியன்று மட்டும் சினிமா கிடையாது. கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்கு வர முடியாத வயசானவர்களுக்காக ஏசுவின் பாடுகளைக் காட்டும் படம் ஒன்றைப் போடுவார். எங்கள் தெருவில் பாதிப் பேர் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். அவர்களும் உட்கார்ந்து பார்த்து அழுவார்கள். மறுநாள் அப்பாவிடம் வந்து படம் நன்றாக இருந்தது என்பார்கள். அப்பா ஏதோ தானே எடுத்த படம் மாதிரி தலையாட்டிக்கொள்வார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆபரேட்டரின் பெண்ணோ தங்கையோ வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டால், அந்த ஊர் ஆபரேட்டர் தானே வந்து இணைப்புக் கொடுப்பார், மாதச் சந்தா வாங்கமாட்டார். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர், அப்பாவோடு ஒரே வருஷத்தில் தொழிலுக்கு வந்தவர். நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் பால் காய்ச்சிய அன்று காலையில், பால் பொங்குவதற்கு முன்னால் அவருடைய ஒயர் எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அனலாக் போய் டிஜிட்டல் பெட்டி வந்தபோதும் அவரே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய பொருளாக இருந்தால் என்றைக்கோ வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மரியாதைக்கு வந்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவருக்குப் பிடித்தது ஓடாது, ஓடும் நேரத்தில் அவர் இருக்கமாட்டார். ரயில்வேயில் எல்லோரும் ஸ்டிக் வாங்கிவிட்டார்கள் என்று தினம் ஒரு கதை கொண்டுவருவார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நூறு சேனலைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் செய்தியில் வந்து நிற்பது எனக்கே அலுத்துவிட்டது. வீட்டுக்கு இன்டர்நெட் லைன் வந்ததும் பேச்சு வலுத்தது.

கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் பழைய டிவியைப் பற்றிக் கேட்டுவிட்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் டிவிக்கு ஒரு வியாதியும் இல்லை. பின்னால் எச்டிஎம்ஐ சொருகும் துளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதில் சித்தப்பாவின் பெட்டி குந்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் குறை. அடுத்ததாக உள்ளங்கை அகலத்தில் ஒரு இன்டர்நெட் பெட்டியைக் காட்டினார். அதில் இடம் அதிகம், வேகம் அதிகம், விலையும் பரவாயில்லை. கடைசியாக ஸ்டிக். என் விரலை விடக் கொஞ்சம் நீளம். டிவிக்குப் பின்னால் சொருகினால் வெளியே தெரியாது.

பெட்டிதான் நல்லது என்று என் வீட்டுக்காரர் காரணத்தோடு சொன்னார். நான் ஸ்டிக்கைத்தான் எடுத்தேன். படம் எப்படி இருக்கும், எத்தனை நேரம் சூடாகாமல் ஓடும் என்பதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. அப்பா கண்ணில் படாமல் இருக்குமா என்பது ஒன்றுதான் என் கேள்வி. ஊரில் உள்ள பெட்டி அத்தனையும் அப்பாவுக்கு அத்துப்படி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இது இன்னா புதுசா என்று கேட்டுவிடுவார். இப்படி, ஒளித்து வைக்க வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு பொருளை வாங்கியது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

கூட்டம் மாதம் ஒரு முறை விழுப்புரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாயங்காலம் நடக்கும். அதற்கு வரும் அன்று அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முந்தின நாளே ஸ்டிக்கைப் பிடுங்கி, அதன் ரிமோட்டோடு தையல் டப்பாவில் போட்டுவிட்டு, சித்தப்பா பெட்டியைச் சொருகி வைப்போம். அப்பா சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் டிவி பார்ப்பார். பார்ப்பது என்றால் நிகழ்ச்சியை இல்லை. சேனல் சேனலாக மாற்றி எது தெளிவாக வருகிறது, எது இழுக்கிறது என்று பார்ப்பார். பரவாயில்லை, உன் சித்தப்பன் லைன நல்லா வச்சிருக்கான் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். அவர் படி இறங்கியதும் ஸ்டிக் மறுபடி டிவிக்குப் போகும். நாலைந்து மாதம் இந்த நாடகம் பிசகாமல் நடந்தது.

அப்புறம் திண்டிவனத்தில் சாலையை அகலப்படுத்தப் பள்ளம் தோண்டி அப்பாவின் ஒயரையெல்லாம் அறுத்துப் போட்டார்கள். அதைச் சரிசெய்யும் வேலையில் இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தார். நாங்களும் வழக்கம்போல முந்தின நாள் பெட்டியைச் சொருகி வைத்துவிட்டோம். போட்டுப் பார்க்கவில்லை.

அப்பா சாப்பிட்டுவிட்டு ரிமோட்டை எடுத்தார். படம் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. எனக்கு அது ஏதோ கோளாறு. அப்பாவுக்கு அது தினம் பத்து வீட்டில் பார்க்கும் வரி. சந்தா கட்டாத வீட்டில் அந்த வரி வரும். இல்லையென்றால், பெட்டி மாதக்கணக்கில் கரண்ட்டே இல்லாமல் கிடந்து, அதற்கு மேலிருந்து வரும் அனுமதி தீர்ந்துபோயிருந்தால் வரும். எங்கள் வீட்டுக்குத்தான் சந்தாவே கிடையாதே. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எத்தினி மாசமா?”

“ஏழு மாசம்பா.”

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் கோபக்காரி. தப்பு என் பேரில் இருந்தால் கோபம் இன்னும் கூடுதலாக வரும். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தாங்கமுடியாமல் என் வாய்தான் திறந்தது.

“திண்டிவனத்துல உங்க தெருவுலயே பாதி வீட்ல கேபிள் இல்ல. எங்க வீட்ல மட்டும் எதுக்குப்பா இருக்கணும்?”

என் வீட்டுக்காரர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியுமா? தெருவில் பாதி வீடு போய்விட்டது என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒயர் அறுந்த வீடுகளில் பலர், இனிமேல் இழுக்க வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அப்பா, கேபிளுக்குப் பதிலாக வாங்கியது எங்கே என்று கேட்டார். தையல் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சொருகச் சொன்னார். படம் வந்தது. எட்ட நின்று பார்த்தார், கிட்டே போய் ஓரங்களைப் பார்த்தார். நிறம் நல்லாத்தான் கீது என்றார்.

பிறகு மாடி வீட்டில் ஏணி கேட்டு வாங்கி வந்தார். அறுபது வயசுக்கு மேல் ஆகிவிட்டது, சித்தப்பா ஆளை அனுப்புவார், நீங்கள் ஏறாதீர்கள் என்றேன். கேட்கவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கம்பத்திலிருந்து எங்கள் ஜன்னலுக்கு வந்த ஒயரைக் கழற்றி, அதன் நுனி தொங்காமல் மேலேயே ஒழுங்காகச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினார். உள்ளே வந்த ஒயரைச் சுருட்டினார். பெட்டியையும் அதன் ரிமோட்டையும் துடைத்து, எல்லாவற்றையும் தன் பையில் வைத்துக்கொண்டார். சித்தப்பாவிடம் நானே வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நீ வாயத் தொறக்காத. நான் சொல்லிக்கிறேன்” என்றார். காபி கூடக் குடிக்காமல் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. கொடுத்த மரியாதையை முகத்தில் விட்டெறிந்துவிட்டாய் என்று சொல்லப்போகிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று எடுத்தேன். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

“இன்னா பாப்பா, அப்பாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா? கூட்டத்துல எழுந்து நின்னுக்கினு, உன் வீட்டுப் பொட்டிய எடுத்து மேசை மேல வச்சுட்டாரு. எம் பொண்ணு இருக்கட்டும்பான்னுதான் சொல்லுச்சு, நான்தான் கழட்டிக்கினு வந்தேன்னாரு. இந்தத் தொழிலு இனிமே நிக்காதுப்பா, வயசுப் பசங்கல்லாம் ஜல்தியா வேற வழி பார்த்துக்கோங்கன்னுட்டு உக்காந்துட்டாரு. அந்த மனுஷன் வாயில அந்த வார்த்தை வந்து நான் பார்த்ததில்ல பாப்பா.”

என்னைக் காப்பாற்ற அவருக்கு ஆயிரம் பொய் இருந்திருக்கும். பெட்டி ரிப்பேர் என்றிருக்கலாம், வீடு மாறுகிறாள் என்றிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, தான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அத்தனை பேர் நடுவில் ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் இன்னும் பஸ்ஸில்தான் இருப்பார்.

“கூட இருந்தியே, நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?” என்றார் சித்தப்பா.

“சொல்லிப் பார்த்தேன் சித்தப்பா, கேக்கல” என்றேன்.