களக்காட்டில் எல்லாரும் போட்ட அஞ்சு மார்க்கு

இந்த முறை ஊர் சுற்றக் கிளம்பவில்லை. ஆவணிக் கடைசியில் என் மகள் நித்யாவுக்குத் துணையாகத் திருநெல்வேலி போனேன். துணையெல்லாம் வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதற்குள் நான் புளியோதரை கட்டிவிட்டேன்.

நித்யா திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். கூடவே ஆராய்ச்சியும் செய்கிறாள். வாழைத்தாரை செல்போனில் படம் எடுத்தால், இன்னும் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்கிற செயலி ஒன்றை அவளும் மாணவர்களும் செய்திருக்கிறார்கள். போன மாதம் களக்காட்டு வாழைக்கடைக்காரர்கள் போனில் எல்லாம் அதை ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் வாரத்துக்குப் பிறகு ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை. ஏன் என்று கல்லூரிக் குழுவுக்கு அடுத்த வாரம் இவள் பதில் சொல்லியாக வேண்டும். “நேர்ல போய்க் கேட்டும் காரணம் பிடிபடலைன்னா விட்டுடறேம்மா” என்று ரயிலில் சொன்னாள். நாலு வருஷ உழைப்பு.

விடிகாலையில் இறங்கி, வண்ணார்பேட்டையில் அறை எடுத்துக் குளித்தோம். (இரண்டு பேருக்கு 1,400 ரூபாய். பஸ் ஹாரன் இலவசம், பின்பக்க அறையாகக் கேளுங்கள்.) அங்கிருந்து நாள் வாடகைக்கு 2,800 ரூபாய் பேசி ஒரு கார். டிரைவர் சுடலைமுத்து நிதானமானவர். “பைய போவோம் யம்மா, வாழைத்தாரு எங்கன ஓடிரப் போவுது” என்றார். களக்காடு சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். மலை பக்கத்தில் வர வர, சாலையின் இரண்டு பக்கமும் வாழைதான்.

நித்யா கடைகடையாகப் போய்க் கேள்விகள் கேட்டாள். செயலி எப்படி இருக்கிறது, அதற்கு ஐந்துக்கு எத்தனை மார்க்? எல்லாரும் ஐந்து போட்டார்கள். யோசிக்கக்கூட இல்லை. ஒரு அண்ணாச்சி ஆறு போட முடியாதா என்று கேட்டார்! பயன்படுத்தாத பொருளுக்கு இவ்வளவு மார்க்கா என்று நித்யாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

முழங்கால் வலியோடு நான் ஜெபமணியின் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபமணிக்கு ஐம்பது வயது இருக்கும், தார் மொத்தமாக வாங்கி விற்கிற பெண்மணி. நன்னாரி சர்பத் வாங்கி வரச்சொல்லிக் கொடுத்தார். நித்யா எதிர்ச் சாரிக்குப் போனதும் குரலைத் தணித்தார்.

“யக்கா, உங்களுக்குன்னு சொல்லுதேன். மேல நீலப் படுதா கட்டிருக்கோம்லா, அந்த நிழல்ல படம் எடுத்தா பழுத்த தாரையும் காயின்னு சொல்லுது. கையெல்லாம் வாழைக்கறை, போனைத் தொட முடியுமா? அது கெடக்கட்டும். வாங்க வந்தவன் முன்னால நான் போனைப் பாத்துக்கிட்டு நின்னா, இவளுக்கே காய் தெரியலன்னு அடுத்த கடைக்குப் போயிர மாட்டானா?”

“பிறகு ஏன் அஞ்சு போட்டீங்க?”

“அந்தப் பிள்ள திருச்சிலேருந்து வந்து வெயில்ல நிக்கா. கொறச்சுப் போட்டா அவளை ஃபெயிலாக்கிருவாங்கல்லா? நீங்க சொல்லிராதீங்க, பாவம்.”

சிரிப்பும் வந்தது, பகீரென்றும் இருந்தது. ஊரே சேர்ந்து என் மகளைப் பாஸ் போட்டுக்கொண்டிருக்கிறது!

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பாட்டின்போதும் வாயைத் திறக்கவில்லை. சேரன்மகாதேவி வழியாக மணிமுத்தாறு போனோம், நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அருவிக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டவேண்டும். மாலையில் சீக்கிரம் அடைத்துவிடுகிறார்கள், மழை வலுத்தால் விடுவதே இல்லை. விசாரித்துவிட்டுப் போங்கள். தண்ணீர் நிதானமாக விழுந்தது. நித்யா குளிக்கவில்லை. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “எல்லாருக்கும் பிடிக்குது, ஒருத்தரும் தொடலை. எனக்கு மனுஷங்களே புரியலை போல. நான் இதுக்கு லாயக்கில்லம்மா” என்றாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. படுதா, கறை, வாங்க வந்தவன், ஃபெயில் பயம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“காலைலயே தெரியுமா உனக்கு?”

“தெரியும். நீ வருத்தப்படுவேன்னுதான்…”

“நீயும் அஞ்சு போட்டுட்டியேம்மா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். பிறகு எழுந்து சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு, “வா, திரும்பிப் போலாம்” என்றாள்.

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார். “மறுபடியும் களக்காடா? அங்கன என்ன யம்மா மறந்து வச்சிட்டு வந்தீங்க?”

கடைகள் அடைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நித்யா ஜெபமணியிடம் நேராகவே சொன்னாள். “அக்கா, மார்க்கு எனக்கில்லை, செயலிக்குத்தான். என்னை யாரும் ஃபெயிலாக்க மாட்டாங்க. குறையெல்லாம் எங்கம்மாகிட்ட சொல்லுங்க. நான் தள்ளி நிக்கிறேன்.” சொன்னபடியே எதிர்ச் சாரியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஜெபமணி அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே! காலையில் ஆறு மார்க் கேட்ட அண்ணாச்சி முதல் ஆளாக ஆரம்பித்தார். எழுத்து பொடியாக இருக்கிறதாம், கண்ணாடி தேடுவதற்குள் வாங்க வந்தவன் போய்விடுகிறானாம். எல்லாவற்றையும் என் போனில் பதிவு செய்தேன்.

கடைசியில் ஜெபமணி, “ஏ பிள்ள, இங்கன வா. ரெண்டு மார்க்குத்தான். கோவிச்சுக்கிடாத” என்றார். நித்யா அவர் கறைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ரெண்டு வாங்கிட்டு இப்படிச் சிரிக்க பிள்ளைய இப்பத்தான் பாக்கேன்” என்றார் ஜெபமணி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். களக்காட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், அப்போதுதான் தார் வந்து இறங்கும். வெளிர் நிறத்தில் உடுத்தாதீர்கள், வாழைக்கறை துவைத்தாலும் போகாது. போன தடத்திலேயே நாங்கள் திரும்பியதற்கு டிரைவருக்குக் கூடுதலாக 600 ரூபாய் கொடுத்தோம். யாரிடமாவது ஏதாவது எப்படி இருக்கிறது என்று கேட்டால், முதல் பதிலோடு எழுந்துவிடாதீர்கள். இன்னொரு சர்பத் குடியுங்கள்.

இரவு ரயிலில் அவள் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். வாங்க வருகிறவர் வருமுன் காலையிலேயே ஒரு தடவை படம் எடுத்தால் போதும், பதிலைக் குரலிலேயே சொல்லவைக்கலாம் என்று எனக்குப் புரியாத எதையெதையோ விளக்கினாள். விட்டுவிடுகிறேன் என்ற பேச்சே இல்லை. கோவில்பட்டி தாண்டியதும் திரையை மூடிவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, உண்மையைச் சொல்லு. நீ எத்தனை போடுவே?”

இவள் முதன்முதலில் சுட்ட கருகல் தோசையிலிருந்து எதற்குமே நான் குறைத்துச் சொன்னதில்லை. நாக்கு நுனியில் ஐந்துதான் நின்றது. விழுங்கிக்கொண்டேன்.

“மூணு” என்றேன்.

“தேங்க்ஸ்மா” என்று என் மடியில் தலைவைத்துப் படுத்தவள், மதுரை வரும்வரை எழுந்திருக்கவில்லை.