கெட்டிலுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பஸ் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘கிலோமீட்டர்’. எங்கள் வீட்டுக்கு அவர் முதல்முதலாக வந்தபோது, பயணமெல்லாம் சௌகரியமாக இருந்ததா என்று அம்மா கேட்டாள். “பதினாலு கிலோமீட்டர் அறுநூறு மீட்டருங்க” என்றார். அக்கா சிரித்துவிட்டாள். சிரித்த பாவத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறாள்.

அவர் கண்டக்டர். சேர்ந்த நாளிலிருந்து ஒரே சாலை. அந்தப் பழைய நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் கடைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது: விற்கிற பொருளின் வடிவத்திலேயே கடையைக் கட்டுவது. செருப்புக்கடை இரண்டு மாடி உயரச் செருப்பாக நிற்கும், குதிகாலில் கதவு. முட்டைக்கடை ஒரு கோழி. முதலாளி அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பார். பஞ்சர் கடை டயர் மாதிரி. ரேடியோ ரிப்பேர் கடையின் முகப்பில் இரண்டு பெரிய குமிழ்கள், அதில் ஒன்று ஜன்னல். பஸ் நிறுத்தங்களுக்கும் இவைதான் பெயர். “எனக்கு ரெண்டு செருப்பு குடுங்க” என்று கேட்டு, கோபமே இல்லாமல் டிக்கெட் வாங்கிக்கொள்வார்கள்.

சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு நாள் அந்தச் செருப்பை இடித்துவிட்டார்கள். மறுவாரம் நம்ம ஆள் பழக்கதோஷத்தில் “செருப்பு எறங்கு” என்றிருக்கிறார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஓர் அம்மா நம்பி இறங்கி, வெட்டவெளியில் நின்று, பஸ் கண்ணுக்கு மறையும்வரை திட்டினாராம். அத்தனை வருஷ சர்வீஸில் ஒரு பயணியையும் அவர் தப்பான இடத்தில் இறக்கியதில்லை. அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்த வாரமே சங்கம் பிறந்தது.

‘நெடுஞ்சாலையோர வணிகக் கட்டட வடிவப் பாதுகாப்புச் சங்கம்.’ பெயரை ஒரு மூச்சில் சொல்கிறவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ஐந்து பேர் தேறினார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமென்ட் கடைவாய்ப்பல் உண்டு. அதற்குப் பாதுகாப்பு வாங்கத்தான் அவர் சங்கத்துக்கே வந்தார். அது தெரிந்ததும் செயலாளரான கிலோமீட்டர் நான்காம் விதியை எழுதிவிட்டார்: உறுப்பினர்களின் சொந்தக் கட்டடமோ குடும்பத்தார் கட்டடமோ மனுவில் இடம்பெறாது. டாக்டர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு டீக்காகத் திரும்பி வந்தார்.

டீ என் அக்காவுடையது. பதினேழாவது கிலோமீட்டரில் அவளுடைய டீக்கடை, கெட்டில் வடிவத்தில். உருண்டைச் சுவர், மேலே தகர மூடி, மூடியில் குமிழ், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. அடுப்புப் புகை அந்த மூக்கு வழியாகத்தான் வெளியே போகும். காற்று எதிர்த்து அடித்தால் அதே வழியாக உள்ளே வந்து எல்லோரையும் அழவைக்கும். எட்டு வருஷமாகச் சங்கக் கூட்டம் நடப்பது அதற்குள்ளேதான். எட்டு வருஷமும் அக்காவுக்கு ஒரே மனக்குறை.

“ஊர்ல இருக்கிற கோழிக்கும் டயருக்கும் மனுப் போடுறாரு. என் கடை மட்டும் அவர் கண்ணுக்குக் கட்டடமாவே தெரியல” என்பாள்.

“நாலாம் விதி இருக்குல்ல” என்பார் அவர்.

“விதிய எழுதுனது யாரு?”

அவர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

மனு எழுதும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மனுவும் ஏழு பக்கம். முதல் பக்கம் முழுக்கக் கணக்கு: எத்தனாவது கிலோமீட்டர், சாலையின் நடுக்கோட்டிலிருந்து சுவர் எத்தனை அடி, சுற்றளவு, உயரம், சுவரின் கனம். லாரி நிறுத்த எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்பதுகூட உண்டு. வந்து பார்வையிடும் அதிகாரிக்குச் சிரமம் இருக்கக்கூடாதாம். ‘ஆகவே இதை இடிக்காமல் பாதுகாக்க வேண்டுகிறோம்’ என்ற வரி ஏழாம் பக்கத்தின் அடியில் வரும். “கோரிக்கைய முதல்ல எழுதுங்க மாமா” என்று நானே ஒரு தடவை சொன்னேன். “அளவு சொல்லாம ஆசையச் சொன்னா யார் மதிப்பா மாப்ளே?” என்றார். சரி, படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இப்படி எட்டு வருஷத்தில் பதினோரு கட்டடங்களுக்குப் பதினோரு மனு. அதில் பத்து இடிந்துவிட்டது. எனக்கு இது எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், அள்ளியவன் நான். டிப்பர் லாரி என்னுடையது; இடித்த இடத்தில் கல்லும் கம்பியும் வாரிக்கொண்டு போவது என் பிழைப்பு. அவர் மனுப் போட்ட ஒரு மாதத்துக்குள் எனக்கு அங்கேயே வேலை வரும். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காக்கை பத்து தடவை உட்கார்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

இந்த வருஷம் அக்கா போராட்டத்தில் இறங்கினாள். கூட்டத்துக்கு வந்தவர்கள் முன்னால் காலி கிளாஸை வைத்துவிட்டு, “கெட்டிலுக்கு மனு இல்லேன்னா கெட்டில்ல டீ இல்ல” என்றாள். முதல் கூட்டம் தண்ணீரோடு நடந்தது. இரண்டாவது கூட்டத்தில் டாக்டருக்குத் தலைவலி வந்துவிட்டது. மூன்றாவது கூட்டத்தில் நான்காம் விதி ஒருமனதாகத் திருத்தப்பட்டது. ஒரே வாரத்தில் கிலோமீட்டர் பன்னிரண்டாவது மனுவை எழுதி, திங்கட்கிழமை சாலைத் துறை அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அக்கா எனக்குப் போட்ட டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது.

மறுநாள் ரேடியோவை இடித்தார்கள். அதுதான் பதினொன்றாவது. நான் லாரியை ஒதுக்கிவிட்டு இறங்கினேன். இடிக்கும் ஆட்களின் மேஸ்திரி கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, “சுவர் ஒம்பது அங்குலம், பின்பக்கமா அடிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் சீட்டு கிழித்துக் கொடுத்த மாதிரி இடைவெளி விட்டு எழுதுகிற ஒரே மனுஷன் எங்கள் குடும்பத்தில்தான் இருக்கிறார்.

“இது யார் குடுத்தது மேஸ்திரி?”

“ஏதோ ஒரு சங்கம். தங்கமான ஆளுங்க. ஆபீஸ்ல அளவெடுக்கிறவர் ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷமாச்சு, இன்னும் ஆள் போடல. இவங்க பாட்டுக்கு அளந்து அனுப்புறாங்க. நாங்க வரிசையா முடிச்சுக்கிட்டே வர்றோம்.”

“மீதி ஆறு பக்கம்?”

“எங்களுக்கு முதல் பக்கந்தான் வரும். அடுத்தது என்னமோ டீக்கடையாம். நாளான்னைக்கு.”

ரேடியோவை அப்படியே போட்டுவிட்டு லாரியை விரட்டினேன்.

கெட்டிலில் கிலோமீட்டர் பஸ் கிளம்பும் நேரத்துக்காகக் காத்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டே இருந்தார். கோழி, டயர், சோடா பாட்டில் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார் என்று தெரிந்தது.

“அப்ப பதினொண்ணும் நான் இடிச்சதா மாப்ளே?”

“நீங்க காட்டுனீங்க. அவங்க இடிச்சாங்க. நான் அள்ளுனேன். குடும்பத் தொழில் மாமா.”

சொல்லியிருக்கக்கூடாது. அந்த மனுஷன் முகம் விழுந்துபோனது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை அங்குலக் கணக்கில் அளந்து, முத்திரை குத்தி வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

உடனே அலுவலகத்துக்கு ஓடினோம். தபால் வாங்கும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: முத்திரை விழுந்த மனுவைத் திருப்பித் தர முடியாது. அளவில் ஏதாவது பிழை இருந்தால் திருத்தக் கடிதம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

“பிழை இல்லைங்களே” என்றார் கிலோமீட்டர். நான் அவர் காலை மிதித்தேன்.

வெளியே வந்து விளக்கினேன். பதினேழாவது கிலோமீட்டர் என்பதை வேறு எண்ணாக்கிவிட்டால் போதும். அவர் என்னை ஏதோ அசிங்கமாகப் பேசியவன் மாதிரி பார்த்தார். கடைக்குத் திரும்பி அக்காவிடமும் சொன்னோம். அவள் அடுப்பைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேணாங்க. கடை போனாப் போகுது. வாழ்நாள்ல ஒரு மீட்டர்கூட மாத்திச் சொல்லாத மனுஷன், எனக்காகச் சொல்ல வேணாம். நான்தான பிடிவாதம் பிடிச்சேன்” என்றாள்.

அவர் ஆணியில் மாட்டியிருந்த அளவு நாடாவை எடுத்தார். “லாரிய எடு மாப்ளே.”

“எங்க மாமா?”

“இருபத்திமூணு கிலோமீட்டர் நானூறு மீட்டர்.”

அங்கே சாலைத் துறையின் கல்சுவர்க் குடிசை ஒன்று இருந்தது. எப்போதோ வண்டிகளை எண்ணுவதற்குக் கட்டியது. இப்போது உள்ளே தார் டின்னைத் தவிர ஒன்றும் இல்லை. உருண்டையாக இருக்கும், பக்கத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிச் சுற்றி அளந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. “பொய்தான மாமா எழுதப்போறோம், அதுக்கு எதுக்கு அளவு?”

“பொய்யா இருந்தாலும் தப்பா இருக்கக்கூடாது” என்றார்.

திருத்தக் கடிதம் அன்று சாயங்காலமே போனது. வியாழக்கிழமை சாலைத் துறை தன் சொந்தக் குடிசையைத் தரைமட்டமாக்கி, ‘டீக்கடை அகற்றப்பட்டது’ என்று அறிக்கை எழுதியது. ஒரு சுமை கல்லும் நான்கு தார் டின்னும் நான்தான் அள்ளினேன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் நினைத்தால், டாக்டர் புதுக் கவலையைக் கிளப்பினார். ஒவ்வொரு கட்டடம் விழும்போதும் ஒப்பாரிக் கடிதம் எழுதுகிற சங்கம், செயலாளர் வீட்டம்மா கடை விழுந்து சும்மா இருந்தால் சந்தேகம் வராதா? ஆகவே இரங்கல் கூட்டம். இடம்? எங்களுக்கு வேறு இடம் ஏது. இடிந்துபோன கெட்டிலுக்குக் கெட்டிலுக்குள்ளேயே கூட்டம் போட்டு, கடைக்காரி கையாலேயே டீ வாங்கிக்கொண்டு மௌன அஞ்சலிக்கு நின்றோம். அக்காவும் நின்றாள். பாதி அஞ்சலியில் வாசலில் ஜீப் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். சாலைத் துறை இன்ஜினியர். நான் பின்கதவால் ஓடி, லாரியைக் கொண்டுவந்து கெட்டிலின் மூக்கை மறைத்து நிறுத்தி, பின்தொட்டியையும் தூக்கிவிட்டேன். மூடியை என்ன செய்வது என்று தெரியவில்லை. நல்லவேளையாக அவர் போனில் பேசிக்கொண்டே, தலையைக் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னாலேயே உள்ளே போய் நின்றேன்.

“நடத்துங்க, நடத்துங்க. முடிஞ்சதும் ஒரு சின்ன விசாரணை” என்றார். அவர் கையில் திருத்தக் கடிதம் இருந்தது.

கிலோமீட்டர் முன்னால் வந்தார். கையில் இருந்த இரங்கல் தாளைப் பிரித்துப் படித்தார்:

“கெட்டிலின் உயரம் குமிழோடு பதினேழடி மூன்று அங்குலம். வளைவில் பஸ் திரும்பும்போது முதலில் தெரிவது அதன் புகை. புகை தெரிந்தால் கடை திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும். கல்லாவுக்குப் பின்னால் தரை அரை அங்குலம் தேய்ந்திருந்தது. அங்கே ஒருவர் இருபது வருஷம் நின்றிருக்கிறார். மற்ற கட்டடங்களுக்கு முதல் நாளே மனு எழுதினேன். இதற்கு எழுதக் கை வரவில்லை. விதி ஒன்றை எழுதி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். மனுப் போட்டால், இது போய்விடக்கூடியது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.”

அக்கா அந்தத் தேய்ந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவளைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“ரொம்ப உருக்கமா இருக்கு” என்றார் இன்ஜினியர். “என் சந்தேகம் என்னன்னா, இருபத்திமூணு நானூறுல எங்க குடிசை ஒண்ணு இருந்ததா ரெக்கார்ட் சொல்லுது. இப்பப் போய்ப் பார்த்தா இல்ல. ஆனா இடிச்ச கட்டடம் உங்க அளவோட அங்குலம் பிசகாம ஒத்துப்போகுது. அப்ப ரெக்கார்ட்தான் தப்பா இருக்கணும்.”

“இருக்கும் சார்” என்றார் டாக்டர், அவசரமாக.

இன்ஜினியர் டீயைக் குடித்தார். உருண்டைச் சுவரை ஒரு சுற்று பார்த்தார். “இந்தக் கடையும் நல்லா இருக்கே. இது எத்தனாவது கிலோமீட்டர்?”

கிலோமீட்டருடைய வாய் தானாகத் திறந்ததை நான் பார்த்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வந்து விழுகிற எண் அது. தொண்டைவரை வந்துவிட்டது. அவர் அக்காவைப் பார்த்தார்.

“அளந்ததில்லைங்க சார்” என்றார்.

இன்ஜினியர் தலையாட்டிவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு, போன் வந்ததும் பேசிக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போனார். டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான்காம் விதியை மறுபடி சேர்க்க வேண்டும், தன் பல்லை யாரும் அளக்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

அக்கா ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து கிலோமீட்டர் முன்னால் வைத்தாள். “அரை அங்குலமா தேஞ்சிருக்கு?” என்று கேட்டாள்.

“அஞ்சு நூல்” என்றார் அவர். “அரை அங்குலத்துக்கு ஒரு நூல் கூட. கூட்டத்துல கொஞ்சம் கம்மியாச் சொல்லிட்டேன்.”

அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். காற்று எதிர்த்து அடிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, நான் லாரியை எடுக்கப் போனேன்.