மீன் தொட்டிக்குப் போட்ட புடவை

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு மீன் தொட்டியின் படத்தைப் போட்டு, வேண்டியவர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். காலித் தொட்டி. தண்ணீர் நின்ற மட்டத்தில் கண்ணாடியில் வெள்ளையாக ஓர் உப்புக்கோடு. பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இந்தக் காட்டுப்பாக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தக் கோடு எனக்குப் பழக்கம். ஆவடிப் பக்கத்து போர்வெல் தண்ணீர் வாளி, குண்டான், தலைமுடி எதையும் விடாது. கல்யாணமான புதிதில் சேக்காட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. செல்விக்கு முதல் கர்ப்பம் கலைந்துபோயிருந்தது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, இப்போதும் வராது. சுவரைப் பார்ப்பதற்கு மீனைப் பார்க்கட்டும் என்று ஒரு சின்னத் தொட்டி வாங்கி வந்தேன். இந்த உப்புத் தண்ணீரைத் தாங்குவது சிக்லிட்தான் என்று கடைக்காரர் கறுப்புக் கோடு போட்ட இரண்டு மீன்களைப் பிடித்துக் கொடுத்தார். எது ஆண், எது பெண் என்று எனக்குத் தெரியவில்லை. அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

செல்வி மறுபடி உண்டானாள். வயிறு தெரிய ஆரம்பித்த நேரத்தில் மீனும் முட்டை போட்டது. தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த சின்ன மண்சட்டியின் உள்பக்கம் முழுக்கக் கசகசா ஒட்டின மாதிரி இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். தெருவெல்லாம் சொன்னேன். பார்க்க வந்தவன் எல்லாம் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். மறுநாள் காலையில் சட்டி துடைத்த மாதிரி இருந்தது. பயந்தால் பெற்றதுகளே தின்றுவிடும் என்று கடைக்காரர் அப்புறம்தான் சொன்னார். மொதல்ல சொல்றதுக்கு என்ன கேடு என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அடுத்த தடவையும் அதேதான் நடந்தது.

வீட்டுக்காரம்மா பச்சையம்மாக்கா கீழே இருந்தார். சேக்காட்டில் நெல் விளைந்த காலத்துக் குடும்பம். நிலம் மனையாகி, மனை வீடாகி, வீட்டில் நாங்கள் இருந்தோம். மேலே வந்தால் கதவைத் தட்டுகிற வழக்கமே அவருக்கு இல்லை, நேரே உள்ளே வந்துவிடுவார். இரண்டாவது தடவையும் முட்டை போன அன்று வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பெத்தத தின்ற ஜென்மத்த மாசமா கீற பொண்ணு கண்ணு முன்னால வெச்சிகினு கீறியே, நீயெல்லாம் இன்னா மனுசன்?"

மீனுக்கும் மனுசிக்கும் என்னக்கா சம்பந்தம் என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அந்தப் பேச்சு முள் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே தொட்டியைத் தூக்கிவிடுவது என்று முடிவு பண்ணினேன். செல்விதான் வழி மறித்தாள்.

"இப்ப எடுத்துட்டா தின்னதோட முடிஞ்சிரும். ஒரு தடவ பொழைக்கட்டும். பொழைச்சத நான் பாக்கணும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள். தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவளுடைய பிள்ளை தங்குமா என்ற கேள்வியை அவள் அந்தச் சட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இனி மீன் பிழைத்தாக வேண்டும். சாமி கும்பிடாதவன் நான். மீனைக் கும்பிடாத குறை.

அடுத்த முட்டை வந்தபோது பச்சையம்மாக்கா தன் பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்தினார். மூலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகினார். பிள்ளை பெற்ற ரூமுக்குள் ஊரே பூந்துகினு இருந்தா எதுதான் பயப்படாது என்று என்னையும் திட்டினார். பத்து நாள் யாரும் பார்க்கக் கூடாது, சாப்பாடு போடும்போது மட்டும் புடவையை விலக்கலாம் என்று சட்டம் வைத்தார். சிரித்தேன். ஆனால் சட்டத்தை மீறவில்லை.

பட்டறையில் வேலை ஓடவில்லை. கரண்ட் போனால் காற்று மோட்டார் நிற்குமே, எறும்பு வருமே என்று மணிக்கொரு தரம் வீட்டுக்குப் போன். கொசு மருந்துப் புகை வந்தால் உடனே மோட்டாரைப் பிடுங்கு, அது வெளிக்காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும், மீன் செத்துப்போகும் என்று செல்விக்குப் பாடம் எடுத்தேன். "மோட்டார் சாப்பிட்டுச்சான்னு கேக்கறீங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா" என்றாள். நியாயம்தான்.

குஞ்சு பொரித்து, நெளிந்து, நீந்த ஆரம்பித்திருந்த சமயம். ஒரு சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினால் எங்கள் தெருவையே காணோம். வெள்ளைப் புகை. மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் வீடு வீடாக அடித்துக்கொண்டு போகிறார். டிபன் பாக்ஸ் இடுப்பில் இடிக்க ஓடினேன். படியேறிக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து பச்சையம்மாக்கா குரல்.

"தொறக்க மாட்டேன். பொகை பூந்துடும். அங்கியே நில்லு."

என் வீட்டு வாசலில் நான் இருமிக்கொண்டு நின்றேன். செல்விக்கு மூச்சு முட்டுமோ, மீனுக்கு முட்டுமோ, எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

புகை கலைந்த பிறகுதான் திறந்தார். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத் துண்டு. மோட்டார் பிளக் பிடுங்கிக் கிடந்தது. மோட்டார் இல்லாத குறைக்கு அக்கா தொட்டி ஓரத்தில் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு மெல்ல ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கை வலிக்குதுயா, புடி என்று சொம்பை என் கையில் திணித்தார். செல்வி தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை விலகியிருந்தது. குஞ்சுகள் தூசி மாதிரி தொட்டியெங்கும் சிதறியிருந்தன.

ஆண் மீன் மெல்ல வந்து ஒரு குஞ்சை வாயில் இழுத்துக்கொண்டது. அடுத்து இன்னொன்றை.

"தின்னுது" என்றாள் செல்வி. அவ்வளவுதான். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

மீன் சட்டிக்குப் போயிற்று. வாயைத் திறந்து இரண்டையும் உள்ளே துப்பியது. திரும்பி வந்து வேறொன்றைக் கவ்வியது. அதையும் கொண்டுபோய்த் துப்பியது.

"அடப்பாவி, தூக்கிகினு போறான்டி" என்றார் அக்கா. "இருட்டுதுன்னு புள்ளைங்கள ஊட்டுக்குத் தூக்கிகினு போறான்."

செல்வி கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் பசிக்கிறது என்றாள். அந்தக் கர்ப்பத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மகள் பிறந்தாள். இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், போன் பண்ணினால் எடுப்பதில்லை. அன்று பிழைத்த மீன்கள் ஊறுகாய் பாட்டில்களில் தெருவெல்லாம் போயின. அந்த வீட்டை இடித்து, கீழே கார் நிறுத்துகிற மாதிரி அடுக்ககம் கட்டிவிட்டார்கள். பச்சையம்மாக்கா குத்தம்பாக்கம் தாண்டி மகன் வீட்டுக்குப் போனார், அங்கேயே கண்ணை மூடினார். விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அந்தத் தெருவில் யார் மாசமாக இருக்கிறாள், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இங்கே எங்கள் எதிர் வீட்டில் குழந்தை பிறந்திருப்பதே அழுகைச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அந்தப் பெண் ஐடி வேலை, லிஃப்ட்டில் பார்த்தால் தலையசைப்பாள். அத்தனை மாதமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ.