அருவிக்குப் பின்னால் ஓர்ரியின் கைபிடித்தவள்

இதைச் சொன்னால் என் கூடப்பிறந்த தங்கையே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த அருவிக்குப் பின்னால் நின்றவள் நான். அவள் இல்லை.

என் பெயர் யோருன். ஐஸ்லாந்தின் தென்கரையில், பெரிய அருவி ஒன்றின் அடிவாரத்தில் நானும் என் கணவன் ஓர்ரியும் சூப் கடை வைத்திருக்கிறோம். அடுப்படி என் பொறுப்பு. சுற்றுலா வருகிறவர்களை அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைக்குக் கூட்டிப்போவது அவன் வேலை. வழுக்குப் பாறையில் பெண்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். வேறு வழியில்லை, தெரியும். ஆனாலும் சூப்பைக் கிண்டிக்கொண்டே, ஜன்னல் வழியாக எத்தனை கைகள் என்று எண்ணுவேன். எனக்குப் பொறாமை அதிகம். மறைக்க ஒன்றுமில்லை.

ஜூன் மாதம். இரவு என்பது பேருக்குத்தான், இருட்டவே இருட்டாது. பத்து மணிக்குக் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. குகைப் பாதையின் சங்கிலியைப் பூட்ட ஓர்ரி கிளம்பினான்.

"கறித்துண்டை எல்லாம் நீயே முழுங்கிடாதே. எனக்கும் ரெண்டு வை."

சிரித்துக்கொண்டே போனான்.

10.47. ஜன்னலில் பார்த்தேன். அவன் பக்கத்தில் ஒருத்தி.

கைகோத்துக்கொண்டு போனார்கள். அது சமமான புல்தரை. அங்கே எதற்குக் கை?

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். கூப்பிடவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

சாரலில் தொப்பலாக நனைந்துவிட்டேன். முன்னால் போனவள் மழைக்கோட்டுகூடப் போடவில்லை. ஆனால் அவள் தலைமுடி... காய்ந்தே இருந்தது. காற்றில் பறந்தது.

பாறைப் பொந்துகளில் ஓயாமல் கத்தும் கடற்பறவைகள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

11.02. குகைக்குள் நுழைந்தேன்.

அவள் அவனை விளிம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே மடு.

"ஓர்ரி!"

திரும்பினான். பக்கத்தில்... யாருமில்லை.

அவன் கை மட்டும் இன்னும் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றியபடி...

என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது.

"யோருன்... நீ எப்படிப் பின்னால வந்தே?"

"எவடா அவ?"

"எவளா? நீதானே! இவ்வளவு நேரமா என் கையைப் பிடிச்சுட்டு... 'இன்னும் ரெண்டே அடி'ன்னு..."

ஓடினோம்.

நான்காம் நாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"வழியில அது ஒண்ணு கேட்டுச்சு யோருன். 'உன் பொண்டாட்டிய விட்டுட்டு என்கூட வந்துடுறியா?'ன்னு. நீதான் வழக்கம்போல என்னைச் சீண்டுறேன்னு நினைச்சேன்."

"நீ என்ன சொன்னே?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வர்றேன்னு... கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்."