நஸீஹா ராத்தாவின் திரைச்சீலை

கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், ஊரில் ஒரு மரணம் என்ற செய்தி, கேட்டது. இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னார் இன்னாரின் சகோதரியுமானவர் வபாத்தானார்கள் என்று அது நீண்டுகொண்டே போனது. யாரோ வயதானவர் என்று நினைத்துக்கொண்டு, வாய்க்குள் 'இன்னாலில்லாஹி' சொல்லிவிட்டு மறுபடியும் கணக்கில் குனிந்தோம். பின்வரிசையில் இருந்த ஸப்னாதான் எழுந்து நின்றாள்.

"ஏய், அது நம்மட வீடியோ ராத்தாடி!"

அவ்வளவு நீளமான அறிவித்தலில் நஸீஹா என்ற பெயர் ஒரே ஒரு தரம்தான் வந்தது. வீடியோ என்ற சொல் வரவேயில்லை. எங்கள் எல்லாருக்கும் அக்கா முறையான ராத்தா அதைக் கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம் பிடித்தவர் அவர்தான். என் மூத்த சகோதரியின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் தம்பி தன் போனோடு, ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தான். ராத்தா கமராவைத் தாழ்த்தாமலேயே, "தம்பி, உள்ள வாறதெண்டா ஒரு முக்காடும் போட்டுக்கிட்டு வாங்க, உங்களையும் எடுக்கிறன்" என்றார். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. அவன் போன வேகத்தில் செருப்பு ஒன்று எங்கள் பக்கமே கிடந்துவிட்டது. சாப்பாட்டுச் சஹன்களைத் தூக்கி வந்த ஆண்களும் திரைச்சீலையோடு நின்றார்கள். பலர் சேர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டை நீட்டினார்கள், உள்ளே இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

அவர் வீட்டு முன்னறையில்தான் நாங்கள் கணினி படித்தோம். எங்கள் கை பட்டால் எந்தக் கணினியும் ஒரு மாதம் தாங்காது. ஒவ்வொன்றாகத் திருத்திக் களைத்துப்போன ராத்தா, ஒரு முழுக் கணினியையும் அதற்குள் இருக்க வேண்டிய எல்லாவற்றோடும் ஒரே கோப்பாகத் தானாகவே கட்டித்தரும் முறையைப் பிடித்தார். அந்தக் கோப்புக்குப் படிமம் என்று பெயர். "வட்டிலப்பம் மாதிரித்தான் புள்ள. ஒரு சட்டியில அவிக்கிற, எல்லாருக்கும் வெட்டிக் குடுக்கிற" என்பார்.

அவிக்கிற வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். வெட்டிக் கொடுக்க, அதாவது முடிந்த படிமத்தை வகுப்புக் கணினிகளுக்கு அனுப்ப, கடைசியில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், வரிசையாக எழுதிய கட்டளைகள், ஓடும். ஆபத்து அங்கேதான் இருந்தது. படிமத்துக்குள் எது பிழைத்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று கட்டலாம். இந்த ஸ்கிரிப்டோ படிமத்துக்கு வெளியே, ராத்தாவின் சொந்தக் கணினியில் ஓடுவது. ஊர்ப் பெண்களின் கலியாண வீடியோக்கள் முழுவதும் அதே கணினியில்தான் இருந்தன.

ஒருநாள் படிமம் பாதியில் நின்றுபோனது. ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் ஓடியது. அனுப்ப வேண்டிய கோப்புறையின் பெயர் வெறுமையாக இருந்ததால் அந்தக் கணினியின் மேல்மட்டத்திலிருந்தே எல்லாவற்றையும் அள்ளத் தொடங்கியது. ஸப்னாவின் கணினியில் 'பெண்கள் பக்கம்' என்று பெயரிட்ட கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ராத்தா ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். வந்த கோப்புகளை அழித்து, அந்தக் கணினியையே துடைத்து முடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"அல்லாஹ்! இன்னும் கொஞ்சம் போயிருந்தா கல்முனைப் பொம்புளையள் எல்லாரும் சேந்து என்னை அவிச்சி வெட்டியிரிப்பாளுகள்!"

அன்றே ஸ்கிரிப்டைப் பிரித்துத் தைத்தார். படிமம் சரியாக முடிந்ததா என்று பார்க்காமல் அது அடி எடுத்து வைக்காது. பெயர் வெறுமையாக இருந்தால் நின்றுவிடும். எதைச் செய்வதற்கு முன்பும், என்ன செய்யப்போகிறேன் என்பதை மொனிட்டரில் எழுதிக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். "முதல்ல கதைக்கட்டும், மறுகா செய்யட்டும்" என்றார். அதை ஓட்டுவதற்கென்றே கணினியில் தனியாக ஒரு பயனரை உருவாக்கி, 'சஹன்' என்று பெயர் வைத்தார். வீடியோக்கள் இருக்கும் இடத்தைத் திறக்க அந்தப் பயனருக்கு அனுமதி இல்லை. "சஹன் கொண்டு வாறவர் திரைச்சீலையோட நிக்கணும். ஸ்கிரிப்டுக்கும் அதுதான் மரியாத."

எனக்கு இதையெல்லாம் தொடங்கிவைக்கும் அந்தப் பட்டனை அழுத்தவே பயம் என்றேன்.

"பயம் இரிக்கட்டும் புள்ள. பயப்படுறவள்தான் ரெண்டு தரம் பாப்பாள். பயமில்லாதவளுக்கு நான் இந்தக் கதிரையக் குடுக்க மாட்டன்."

ஜனாஸா வீட்டில் பெண்கள் அழுதார்கள். அழுகைக்கு நடுவே காதோடு காதாக ஒரு கேள்வியும் ஓடியது: "நம்மட வீடியோவெல்லாம் இப்ப யார்ர கையில?" திரும்பி வரும் வழியில் உம்மா என்னிடம், "அந்தக் கம்பியூட்டர்ர பக்கம் இனிப் போகப்படாது. ஒண்டு வெளிய வந்தா உன்ட பேர்தான் அடிபடும்" என்றார்.

ஆனால் எங்கள் செய்முறைப் பரீட்சை வரப்போகிறது. வகுப்புக் கணினிகள் எதுவும் சரியாக எழும்பவில்லை. ராத்தாவின் கணவர் ஹனீபா மாமாவுக்குக் கமராவைத் திறக்கவே தெரியாது. உம்மாவிடம் சொல்லாமல் ஸப்னாவோடு போனேன். மாமா கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தார்.

ராத்தாவின் கதிரையில் உட்கார்ந்தேன். பிஸ்மில்லா சொல்லி அழுத்தினேன். படிமம் கட்டிக்கொண்டே வந்து, இணையம் அறுந்து, பாதியில் நின்றது. அன்றைக்கு நடந்தது போலவே. நான் வயரைப் பிடுங்கக் கையை நீட்டியபோது மொனிட்டரில் எழுத்துகள் வந்தன.

"ஒண்டும் நடக்கல்ல. ஒண்டையும் தொடல்ல. பயப்படாதீங்க. பிளேன்டி குடிச்சிட்டு வந்து திரும்பச் செய்ங்க."

முதலில் சிரித்தது ஸப்னாதான். சத்தம் கேட்டு மாமா வந்து வாசித்தார். "மௌத்தாகியும் இவ கதைய நிப்பாட்டல்லையே!" என்று சிரித்துக்கொண்டே சாரன் நுனியால் கண்ணைத் துடைத்தார். பிறகு குசினிக்குப் போய், மெய்யாகவே எங்களுக்குப் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொண்டு வந்தார். சீனி இரண்டு மடங்கு இருந்தது.

இரண்டாம் முறை படிமம் முழுதாக முடிந்தது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாகக் கதைத்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு விட்டேன். "சஹன் வந்திட்டு. கைய கழுவிட்டு இரிங்க" என்று முடித்தது. வகுப்புக் கணினிகள் எல்லாம் ஒன்றுபோல எழும்பின.

ராத்தாவை அறிந்தவர்களே, ஜனாஸா வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களே, வெளிக்கிட முன்பு ஒரு காரியம் செய்தேன். 'சஹன்' பயனராக இருந்துகொண்டே உங்கள் வீடியோக்களைத் திறக்கப் பார்த்தேன். 'அனுமதி இல்லை' என்றது. நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் அதையே சொன்னது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மறுப்பையும் கேட்டதில்லை. அவரவர் வீடியோவை அவரவர் வீட்டுப் பெண்களிடமே ஒப்படைக்க மாமாவின் தங்கை பொறுப்பெடுத்திருக்கிறார்.

இதை உம்மா உறங்கிய பிறகு எழுதுகிறேன். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்துகிறேன். நஸீஹா ராத்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பயத்தைத்தான். அதை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர். அடுத்த முறை ராத்தாவின் முன்னறைக்குப் போவதற்கு முன்பு இந்தத் தாள்களை உம்மாவின் கையில் கொடுப்பேன். முதலில் கதைக்க வேண்டும். மறுகாதான் போக வேண்டும்.